பட்டிப்பொல பக்கம் முள்ளுப் புதர் அகற்றக் கைகொடுங்கள்

வணக்கம் உறவுகளே. நுவரெலியா மாவட்டத்துப் பட்டிப்பொலவில் எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) மேலே, ஓடையை ஒட்டிய புல்வெளியில் கோர்ஸ் செடி பரவிக்கொண்டே வருகிறது. மஞ்சள் பூ, உடம்பெல்லாம் ஊசிபோல முள். ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். மேற்கு ஐரோப்பாவிலிருந்து வந்தது. அது அடர்ந்த இடத்தில் நம்ம புல்லும் முளைக்காது, மாடும் நுழையாது.

போன வருடம் யாரோ தீ வைத்தார்கள். அதுதான் பெரிய பிழை. எண்ணெய்ப் பசை உள்ள செடி என்பதால் குபுகுபுவென்று எரிந்தது. ஆனால் மண்ணில் கிடந்த விதைகளைச் சூடு எழுப்பிவிட்டது. மழைக்குப் பிறகு முன்பைவிட நெருக்கமாக முளைத்திருக்கிறது. வெட்டினால் கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். விதையோ பல பத்து வருடங்கள் உயிரோடு இருக்குமாம். நினைத்தாலே வயிறு கலங்குகிறது. அந்த ஓடைத் தண்ணீரைத்தான் நாங்கள் குடிக்கிறோம். அதனால் களைக்கொல்லி மருந்தடிக்கும் யோசனை வேண்டாம்.

தோட்டத்தில் அனுமதி வாங்கிவிட்டோம். காய் முற்றி வெடிப்பதற்குள் இளஞ்செடிகளை வேரோடு பிடுங்கச் சிரமதானம் (எல்லோரும் கூடிச் செய்யும் கூலியில்லா வேலை) வைக்கிறோம். தடித்த தோல் கையுறை, மண்வெட்டி இரவல் தருவீர்களா? ஏற்கனவே இதை அகற்றிய அனுபவம் உள்ள அண்ணன்மார், அக்காமார் இருந்தால் சொல்லுங்கள்: பெரிய கட்டைகளை என்ன செய்தீர்கள்? பிடுங்கிய இடத்தில் எந்த உள்ளூர்ச் செடி பிடித்தது?

வருபவர்கள் திரும்பும்போது சப்பாத்து அடியைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் போங்கள். சேற்றோடு விதையும் உங்கள் ஊருக்கு வந்துவிடும்.