ஆத்தப் பாத்துக்கிட்டு நின்னோம், தண்ணி குளத்துப் பக்கமா வந்துட்டு

2023 வெள்ளத்துல உங்க ஊர்ல என்ன நடந்துச்சுன்னு நீங்க எல்லாரும் சொல்லுறதப் படிச்சதும் நானும் சொல்லணும்னு தோணிட்டு. எங்க ஊரு தூத்துக்குடி மாவட்டம் ஏரலுக்குப் பக்கத்துல, தாமிரபரணிக் கரை. 2023 டிசம்பர் 17, ஞாயித்துக்கெழம, மார்கழி ஒண்ணாந் தேதி. கோலம் போட வெளிய போன மதினி கோலப்பொடியோட அப்படியே திரும்பி வந்துட்டாக, அப்படி மழ. ரெண்டு வாரத்துக்கு முன்னாடிதான் மிக்ஜாம் புயல்ல சென்னை மூழ்கிட்டுன்னு எங்க தெருவுல அரிசியும் போர்வையும் சேத்து அனுப்புனோம்.

மழ விடவே இல்ல. பாபநாசம், மணிமுத்தாறு டேம்ல தண்ணி தொறந்தாச்சுன்னு வாட்ஸப்புல வரவும் ஆம்பளையாளுக எல்லாம் டார்ச்ச எடுத்துக்கிட்டு ஆத்தப் பாக்கப் போயிட்டாக. எங்க ஆச்சி 1992 வெள்ளத்தப் பாத்தவுக, தண்ணி கோயில் படியத் தொட்டா கெளம்பணும், அதான் அவுக கணக்கு. படிக்கு இன்னும் தள்ளித்தான் கெடக்குன்னு அண்ணன் வந்து சொன்னான், சாப்பிட்டுப் படுத்துட்டோம்.

ராத்திரி ரெண்டு மணி இருக்கும், மாடு கத்துது. அண்ணன் கட்டில்லருந்து கால வச்சா கெண்டக்கால் தண்ணி. வாசப்பக்கம் இருந்து வரல, பின்னால தொழுவத்துப் பக்கமா வருது. அப்பதான் வெளங்குச்சு, குளம் ஒடஞ்சிட்டு. எங்க பக்கம் ஆத்துலருந்து பிரியுற கால்வாய் தண்ணிதான் குளத்த எல்லாம் நெரப்பும், ஒரு குளம் நெறஞ்சு வழியுற மறுகால் தண்ணி அடுத்த குளத்துக்குப் போவும், மேல ஒண்ணு ஒடஞ்சா அந்தத் தண்ணியும் சேந்து கீழ உள்ளதையும் ஒடச்சிரும். அன்னைக்கு மலையில மட்டுமா மழ? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர், எங்க மாவட்டத்துல வருசம் பூரா பெய்யுறதவிட ஜாஸ்தி. எந்தக் குளந்தான் தாங்கும்.

எங்களுது ஓட்டு வீடு, பக்கத்து சித்தி வீட்டுக்குத்தான் தட்டட்டி, அதான் மொட்டமாடி. ஆச்சிய பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சு அண்ணனும் நானும் தூக்கிட்டுப் போனோம், அதுக்குள்ள தண்ணி இடுப்புக்கு வந்துட்டு. மாட்டுக் கயித்த அண்ணன் அரிவாளால அறுத்து விட்டான், ஆடு மூணையும் புடிக்க முடியல. அதுக கத்துனது இன்னைக்கும் என் காதுல கேக்கு.

தட்டட்டியில தார்ப்பாய்க்குக் கீழ இருபது பேரு, ரெண்டு ராத்திரி. கரண்டு இல்ல, டவர் இல்ல, துபாய்ல இருக்குற மச்சான் நாங்க செத்துட்டோம்னே நெனச்சுட்டாரு. ஊற வச்ச அரிசியும் கருப்பட்டியும்தான் சாப்பாடு, அண்டாவுல புடிச்ச மழத்தண்ணிதான் குடிக்க. சின்னப்புள்ளைக்குப் பால் இல்லன்னு பக்கத்து வீட்டு அக்கா அழுததுக்கு என்ன செய்யுறதுன்னு யாருக்கும் தெரியல. ஏரல் பாலத்து ரோடு அறுத்துட்டுப் போனதும், ஸ்ரீவைகுண்டத்துல திருச்செந்தூர் ரயில் நூத்துக்கணக்கான சனத்தோட மாட்டிக்கிட்டதும், பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரங்க அவங்களுக்குப் பொங்கிப் போட்டதும் எல்லாம் பொறவுதான் தெரியும்.

எறங்கி வந்து பாத்தா வீட்டுக்குள்ள முழங்கால் சகதி, பத்திரம் ரேசன் கார்டு எல்லாம் கூழாப் போச்சு. வாழ மொத்தமும் சாஞ்சு கெடந்துச்சு, குல தள்ளுன வாழ. நிவாரணம் 6000 ரூவா கெடச்சுது, வீட்டுச் சகதி அள்ளவே சரியாப் போச்சு. மாடு மட்டும் மூணாம் நாள் அதுவா திரும்பி வந்து தொழுவத்துல நின்னுச்சு, கழுத்துல அறுத்த கயிறோட. ஆச்சி அதக் கெட்டிப் புடிச்சு அழுதாக.

இப்ப மழ வலுத்தா அண்ணன் ஆத்துக்குப் போறதில்ல, மொதல்ல குளத்துக் கரைக்குத்தான் போறான். உங்க ஊர்ல தண்ணி எந்தப் பக்கமா வந்துச்சுன்னு சொல்லுங்க, குளத்துக்குக் கீழ குடியிருக்குறவங்க கட்டாயம் சொல்லுங்க.