பொருள்: ஓட்ஸ் வகைகளுக்குத் தமிழ்ச்சொல் (அவசரம்)

மீ.:
நண்பர்களே, நீரிழிவு உள்ளவர்களுக்கான காலை உணவுக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். நாளை காலை அச்சுக்குப் போகிறது. ஓட்ஸில் நான்கு வகை வருகிறது: உமி நீக்கிய முழு மணி, அதையே எஃகுக் கத்தியால் இரண்டு மூன்றாக நறுக்கியது, ஆவியில் வைத்து உருளைகளுக்கு இடையே நசுக்கியது, முன்பே வேகவைத்து, இன்னும் மெல்லிதாக நசுக்கி உலர்த்தியது. 'ஸ்டீல் கட்', 'ரோல்டு' என்று எழுதினால் எதை வாங்குவதென்று விளங்காது.

செ.:
முதலில் ஓட்ஸையே தமிழாக்குங்கள். காடைக்கண்ணி இருக்கிறதே.

ப.:
அது ஏற்கெனவே ஒரு சிறுதானியத்தின் பெயர் ஐயா. படித்தவர் வேறெதையோ வாங்கிவந்தால் யார் பொறுப்பு?

செ.:
'ஓட்சு' என்றாவது எழுதலாமே. டகரப் புள்ளியின் முன் க, ச, ப வரும் என்கிறது தொல்காப்பியம். காட்சி, ஆட்சி, ஓட்சு. கிரந்தம் எதற்கு?

ப.:
இலக்கணம் சரி, காதுக்கு ஏச்சு மாதிரி இருக்கிறது. வகைகளுக்கு வருவோம். உமி நீக்கிய மணி எதுவானாலும் தமிழில் அரிசிதான்: வரகரிசி, தினையரிசி, மூங்கிலரிசி. ஆகவே முழு மணி, ஓட்ஸரிசி. நறுக்கியது ஓட்ஸ் நொய். நசுக்கியது ஓட்ஸ் அவல். 'எஃகு வெட்டு' வேண்டவே வேண்டாம். எஃகு கத்தியில் இருக்கிறது, தானியத்தில் இல்லை. 'உருட்டிய ஓட்ஸ்' என்றால் உருண்டை பிடித்தது என்று பொருளாகிவிடும்.

நா.:
அவல் அருமை! அவல் என்றால் பள்ளம். 'அவலா கொன்றோ மிசையா கொன்றோ', புறநானூறு 187. இடிபட்ட மணி பள்ளமாவதால் அவல் ஆயிற்று என்பது என் துணிபு. குறுந்தொகை 238இல் 'பாசவல் இடித்த கருங்காழ் உலக்கை'யும் வருகிறது. அவலம் என்ற சொல்லும் இதே வேர்தானா என்று...

மீ.:
ஐயா, அவலம் இப்போது என்னுடையது. அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். நீரிழிவுக் கையேட்டில் 'ஓட்ஸரிசி' என்றால் பாதிப் பேர் அரிசி என்று பயந்து பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள்.

கு.:
நோயாளிகளிடம் பேசுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன். நறுக்கியது வேக 20-30 நிமிடம், நசுக்கியதற்கு 5-10, கடைசி வகைக்கு வெந்நீர் போதும். பீட்டா குளுக்கான் என்ற நார் எல்லாவற்றிலும் உண்டு. ஆனால் மெல்லிதாக ஆக ஆக விரைவில் செரிக்கிறது, இரத்தச் சர்க்கரையும் விரைவாக ஏறுகிறது. கடைசி வகைப் பொட்டலங்கள் பலவற்றில் சர்க்கரையே கலந்திருக்கும். நொய், அவல் என்ற சொற்களிலேயே இந்த வரிசை தெரிகிறது. எனக்கு அது போதும்.

மீ.:
முழுமணி ஓட்ஸ், ஓட்ஸ் நொய், ஓட்ஸ் அவல், உடனடி ஓட்ஸ். அனுப்பிவிட்டேன். நன்றி.

செ.:
நான்கு இடத்திலும் கிரந்தம். என் மறுப்பைப் பதிந்துகொள்ளவும்.

நா.:
அதிருக்கட்டும், 'உடனடி'யில் 'அடி' எங்கிருந்து வந்தது?