ரம்மி ஆடிப் பழகிய ஆளுக்கு கிரிபேஜ் எங்கிருந்து தொடங்குவது? தாத்தாவிடம் தோற்றுத் தோற்று மானம் போகிறது

மதுரைக்காரன்_ஹாலிஃபாக்ஸ்

வணக்கம் மக்களே. கனடாவுக்கு, ஹாலிஃபாக்ஸுக்கு, வந்து ஏழு மாதம் ஆகிறது. நான் இருக்கிற பேஸ்மெண்ட்டின் வீட்டுக்காரர் எண்பதைத் தொடப்போகும் தாத்தா, கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். பனி விழத் தொடங்கியதிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், மேலே கூப்பிட்டு டீ கொடுத்து கிரிபேஜ் என்ற சீட்டாட்டம் ஆட உட்கார வைத்துவிடுகிறார். இங்கே சுருக்கமாக 'கிரிப்' என்கிறார்கள். இதுவரை பதினொரு ஆட்டம், பதினொன்றிலும் தோல்வி. அதில் மூன்று 'ஸ்கங்க்', அதாவது ஜெயிப்பதற்கான 121 புள்ளியை அவர் தொட்டபோது நான் 90-ஐக்கூடத் தாண்டவில்லை.

விதிகள் மேலோட்டமாகத் தெரியும். ஆளுக்கு 6 சீட்டு, அதில் 2 சீட்டைக் கவிழ்த்து ஓரமாக வைக்க வேண்டும், இருவரும் வைத்த அந்த நாலுக்கும் கிரிப் என்றுதான் பெயர், அதில் வரும் புள்ளி சீட்டுப் போட்டவருக்குச் சொந்தம். மிச்சக் கட்டை வெட்டி ஒரு சீட்டைத் திருப்பி வைப்பார்கள். அப்புறம் கையில் இருக்கும் நாலையும் மாறி மாறி இறக்கி 31 வரை கூட்டிக்கொண்டே போவது. அது முடிந்ததும் கையை எடுத்து, திருப்பிய சீட்டையும் சேர்த்துப் புள்ளி எண்ணுவது. பலகையில் ஓட்டை ஓட்டையாக இருக்கும், அதில் குச்சியை நகர்த்திக் கணக்கு வைக்கிறோம். ஒரு குச்சி தொலைந்துபோனதால் எனக்கு மட்டும் தீக்குச்சி.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். அவர் சீட்டுப் போட்டார். எனக்கு 4, 5, 6, 6, ஜாக்கி, ராஜா. நான் ஒரு 6-ஐயும் ராஜாவையும் கிரிப்பில் போட்டுவிட்டு 4, 5, 6, ஜாக்கியை வைத்துக்கொண்டேன். திருப்பியது இன்னொரு 5. ஜாக்கி, ராணி, ராஜாவுக்கு இதில் 10 மதிப்பு. எண்ணும்போது "5-உம் ஜாக்கியும் 15, அதற்கு 2. இன்னொரு 5-உம் ஜாக்கியும், 4. இரண்டு 5 ஜோடி, 6. 4-5-6 வரிசைக்கு 3, மொத்தம் 9" என்றேன். ரொம்பப் பெருமையாகத்தான் சொன்னேன். தாத்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து "மகின்ஸ்" என்று சொல்லி தன் குச்சியை 7 ஓட்டை நகர்த்திக்கொண்டார். நான் எண்ணாமல் விட்ட புள்ளியாம், அவருக்குச் சொந்தமாம். இது என்ன நியாயம்? அந்த 7 எங்கே இருந்தது? பொறுமையாக யாராவது சொல்லுங்கள், ஊரில் ரம்மியில் நான் சுமாரான ஆள் இல்லை.

ஆட்டின்_ராணி

அண்ணா, ரம்மியில் கெட்டிக்காரர் என்பதுதான் இங்கே பிரச்சினை. நானும் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன்.

ரம்மியில் ஒரு சீட்டை ஒரு செட்டில் சேர்த்துவிட்டால் அது அங்கே போய்விட்டது, வேறு இடத்தில் பயன்படாது. கிரிப்பில் ஒரே சீட்டு எத்தனை கூட்டணியில் சேர முடியுமோ அத்தனையிலும் தனித்தனியாக வந்து புள்ளி கொடுக்கும். உங்கள் கையில் 5 இரண்டு. அதனால் 4-5-6 வரிசை இரண்டு, ஒவ்வொரு 5-க்கும் ஒன்று. நீங்கள் ஒன்றைத்தான் எண்ணினீர்கள், 3 போச்சு. அது போக 4+5+6 கூட்டினால் 15 அல்லவா? அதுவும் இரண்டு முறை, 4 போச்சு. மூன்றும் நாலும் ஏழு. தாத்தா ஒரு பைசா அதிகம் எடுக்கவில்லை.

வரிசைக்கு எல்லாம் ஒரே சாதியாக (ஆட்டின், ஸ்பேட் மாதிரி) இருக்க வேண்டியதில்லை என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆனால் ஆஸ் எப்போதும் 1 மட்டும்தான், ராணி-ராஜா-ஆஸ் என்று வரிசை கிடையாது. இதில் நான் ஒரு மாதம் ஏமாந்தேன்.

எண்ணுவதற்கு ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 15-கள் எல்லாம், அப்புறம் வரிசைகள், அப்புறம் ஜோடிகள், கடைசியில் ஒரே சாதி இருக்கிறதா, ஜாக்கி திருப்பிய சீட்டின் சாதியா (அப்படியானால் 1) என்று. வாய்விட்டு எண்ணுங்கள், வாய்ப்பாடு மாதிரி. "பதினைந்துக்கு ரெண்டு, பதினைந்துக்கு நாலு" என்று ராகம் வந்துவிட்டால் தானாக ஓடும்.

இன்னொன்று, நீங்கள் தூக்கி எறிந்த அந்த இரண்டாவது 6 இருக்கிறதே! ரம்மிக்காரர் கண்ணுக்கு அது உதவாத டூப்ளிகேட். இங்கே அதுதான் தங்கம். ஜாக்கியையும் ராஜாவையும் போட்டுவிட்டு 4, 5, 6, 6 வைத்திருந்தால் திருப்புவதற்கு முன்பே 12 புள்ளி. 5 திருப்பிய பிறகு 15-கள் நாலு, 8. வரிசை நாலு, 12. மொத்தம் 20. வயிறு எரிகிறதா?

கணக்குப்பிள்ளை

மகின்ஸ்! ராணி அக்கா, 5 ஜோடி ஒன்று, 6 ஜோடி ஒன்று, அந்த 4 புள்ளியை எண்ணாமல் விட்டுவிட்டீர்கள். 4-5-5-6-6 என்பது 24. தாத்தா இங்கே இருந்திருந்தால் உங்கள் பாக்கெட்டிலும் கை விட்டிருப்பார்.

மதுரைக்காரருக்கு: கையில் மூன்று சீட்டு வரிசையும் அதில் ஒரு சீட்டுக்கு ஜோடியும் இருந்தால் வரிசைக்கும் ஜோடிக்குமே 8, உட்கார்ந்து எண்ண வேண்டாம். நாலு சீட்டு வரிசையில் ஒரு ஜோடி என்றால் 10. இதை மனப்பாடம் செய்துவிட்டு மேலே 15-களை மட்டும் கூட்டுங்கள். 7-8-8-9 கையில் இருந்தால் 8, கூடவே 7+8 இரண்டு முறை, 12. முடிந்தது.

அப்புறம் 19 என்ற எண்ணிக்கை எந்தக் கையிலும் வராது. அதனால் ஒன்றும் இல்லாத கையைக் காட்டிவிட்டு "பத்தொன்பது" என்பார்கள். தாத்தா அப்படிச் சொன்னால் பயந்துவிடாதீர்கள்.

ஆட்டின்_ராணி

ஐயோ, ஆமாம் 24. சரி, எடுத்துக்கொள்ளுங்கள் உங்கள் 4-ஐ.

வடமராட்சியான்

தம்பி, நான் ஸ்காபரோவில் இருக்கிறேன், வேலை செய்த இடத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதைப் பழகினேன். எங்கட ஊரில் 304 என்ற சீட்டாட்டம் அடித்துப் பழகின ஆட்கள் நாங்கள், அதில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20. அதனால் இங்கேயும் ஜாக்கியைக் கண்டால் விட மனசு வராது, ஆறு மாதம் அந்தப் பழக்கத்தாலேயே தோற்றேன். கிரிப்பில் ஜாக்கி, ராணி, ராஜா எல்லாம் வெறும் 10 தான். இங்கே உண்மையான தலைவன் 5 தான். கட்டில் 52 காட்ஸில் 10 பெறுமதி உள்ளவை 16, எதோடு சேர்ந்தாலும் 5 பதினைந்தாகிவிடும்.

எண்ணுவது ஒரு மாதத்தில் வந்துவிடும், அதை விடு. நீ உண்மையில் தோற்கிற இடம் அந்த இரண்டு காட்ஸைக் கழிக்கிற இடம். கழிக்க முன்னம் ஒரேயொரு கேள்வி கேள்: கிரிப் ஆருடையது? அவருடையது என்றால் செத்தாலும் 5-ஐப் போடாதே. 2-3 சேர்த்துப் போடாதே, 7-8 சேர்த்துப் போடாதே, ஜோடி போடாதே. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத, தூரத்தில் நிற்கிற இரண்டைக் கொடு, ராஜாவும் 9-உம், ராணியும் ஆஸும் மாதிரி. உன்னுடைய கிரிப் என்றால் அப்படியே தலைகீழ். 5-ஐயும் ஜாக்கியையும் போட்டாலும் அது உன் வீட்டுக்குத்தானே வருகிறது.

நீ போட்ட 6-உம் ராஜாவும் பெரிய பிழையான கொடுப்பனவு இல்லை. ராஜாவையும் ஜாக்கியையும் கொடுத்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் கூடக் கிடைத்திருக்கலாம். ஆனால் கையில் 12-ஐ வைத்துக்கொண்டு அதைப் பற்றிக் கவலைப்படக் கூடாது. கை பெரிதென்றால் கை, இரண்டு கையும் கிட்டத்தட்ட ஒன்றென்றால் மட்டும் கிரிப்பை யோசி.

மதுரைக்காரன்_ஹாலிஃபாக்ஸ்

24-ஐ எறிந்துவிட்டு 9 எண்ணியிருக்கிறேன். இரண்டு நாள் பேசாமல் இருக்கலாம் போலிருக்கிறது.

வடமராட்சி அண்ணன், அந்த ஒரு கேள்வியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி தீப்பெட்டிக்குள் வைத்துவிட்டேன். அடுத்த சந்தேகம், சீட்டு இறக்கும் கட்டம். எனக்கு அது சும்மா கூட்டல் போல் தெரிகிறது, ஆனால் தாத்தா அதிலேயே ஆட்டத்துக்கு இருபது முப்பது புள்ளி எடுத்துவிடுகிறார். அந்த மகின்ஸ் வேண்டாம் என்று சொன்னால் தப்பாக நினைப்பாரா?

லீட்ஸ்_செல்வி

மகின்ஸ் விருப்ப விதிதான், தொடங்கும் முன்பே வேண்டாம் என்று பேசிக்கொள்ளலாம். கற்றுக்கொள்கிற ஆளிடம் அதைப் போடுவது எனக்குப் பிடிக்காது. பழகும் வரை விட்ட புள்ளியைச் சுட்டிக்காட்டச் சொல்லுங்கள், எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று. நல்ல மனுஷர் என்றால் சிரித்துவிட்டுச் சரி என்பார்.

இங்கே இங்கிலாந்தில் இது பப் ஆட்டம். 17-ஆம் நூற்றாண்டில் சர் ஜான் சக்லிங் என்ற கவிஞர் 'நாடி' என்ற பழைய ஆட்டத்திலிருந்து இதை உண்டாக்கினார் என்பார்கள். ஆளுக்கு 5 சீட்டு, 61 புள்ளியோடு முடிகிற பழைய வகையும் இருக்கிறது. நான் படித்த காலத்தில் பக்கத்து பப்பில் வாரம் ஒருநாள் உட்காருவேன், ஆரஞ்சு ஜூஸ் குடித்துக்கொண்டு. அங்கே ஒரு அம்மா சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறேன்.

முதல் சீட்டாக 5 இறக்காதீர்கள், அவர் ஒரு 10-ஐ வைத்து 15-க்கு 2 எடுத்துவிடுவார். 4 அல்லது அதற்குக் கீழே இறக்கினால் அடுத்த சீட்டில் அவரால் 15 போடவே முடியாது. கையில் ஜோடி இருந்தால் அதில் ஒன்றை இறக்கிப் பாருங்கள், அவர் ஆசைப்பட்டு அதே எண்ணை மேலே வைத்து 2 எடுத்தால் நீங்கள் மூன்றாவதை வைத்து 6 எடுக்கலாம். இறக்கும் கட்டத்தில் வரிசை ஒழுங்காக வர வேண்டும் என்பதும் இல்லை. 4 இறங்கி, 6 இறங்கி, நீங்கள் 5 வைத்தால் வரிசைக்கு 3, கூட்டினால் 15, அதற்கு 2, ஒரே சீட்டில் 5 புள்ளி. கூட்டுத்தொகையை 21-இல் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள், 10 வைத்திருக்கிறவர் 31 அடித்து 2 எடுப்பார். இனி இறக்க முடியாது என்றால் "கோ" சொல்வீர்கள், அப்போது எதிராளிக்கு 1. ஒன்று இரண்டு என்று இதெல்லாம் சில்லறை போலத்தான் இருக்கும்.

கணக்குப்பிள்ளை

தாத்தா கடற்படை என்றால் அவரிடம் ஓகேன் பலகை பற்றிக் கேளுங்கள், ஒரு மணி நேரம் பேசுவார், அந்த நேரம் தோற்காமல் இருக்கலாம். 1943-இல் அமெரிக்க நீர்மூழ்கி வாஹூவில் தலைவர் மார்ட்டன் சீட்டுப் போட, அவருக்கு அடுத்த அதிகாரி டிக் ஓகேனுக்கு 29 விழுந்தது. மூன்று 5-உம் ஒரு ஜாக்கியும் கையில், திருப்பியது நாலாவது 5, அதுவும் அந்த ஜாக்கியின் சாதி. கிரிப்பில் அதற்கு மேல் புள்ளி கிடையாது, இருவர் ஆட்டத்தில் 2,16,580 கைக்கு ஒன்று என்பது கணக்கு. அமெரிக்க பசிபிக் கடற்படையில் பணியில் இருக்கும் மிகப் பழைய தாக்குதல் நீர்மூழ்கிக்கு ஓகேன் பெயரில் ஒரு கிரிபேஜ் பலகை கைமாறிக்கொண்டே வருகிறது. தாத்தா கனடா கடற்படைதான், ஆனாலும் தெரிந்திருக்கும்.

மதுரைக்காரன்_ஹாலிஃபாக்ஸ்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். ஓகேன் கதை அவருக்குத் தெரியும், 29 விழுந்த கையை எனக்குப் பரப்பியே காட்டினார். மகின்ஸை இந்தப் பனிக்காலம் முடியும் வரை நிறுத்தி வைக்க ஒத்துக்கொண்டார். இரண்டு ஆட்டம் ஜெயித்தேன்!

ஆனால் நேற்று நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் 120, அவர் 119. எனக்கு ஒரே ஒரு புள்ளி போதும். அந்த 120-ஆவது ஓட்டைக்கு இங்கே 'நாற்றக்குழி' என்று அர்த்தம் வருகிற பெயராம், அதில் குச்சி நிற்பது அவ்வளவு அவமானம். அவர்தான் சீட்டுப் போட்டார். என் கையில் 3, 7, 8, ராஜா. 3 இறக்கினேன், செல்வி அக்கா சொன்ன மாதிரி. அவர் 10 வைத்து "13" என்றார். நான் 8 வைத்து "21" என்று சொல்லி வாய் மூடும் முன்பே ராணியை வைத்துவிட்டார். 31, அவருக்கு 2, ஆட்டம் முடிந்தது. கையைத் திருப்பிக் காட்டினார், மிச்சம் இரண்டும் ஜாக்கியும் ராஜாவும்.

லீட்ஸ்_செல்வி

21-இல் நிறுத்தாதீர்கள் என்று எழுதியிருந்தேனே, தம்பி.

வடமராட்சியான்

அதைவிடக் கொடுமை இருக்கு. ராஜாவை வைத்திருந்தால் 23. அவரிடம் இருந்ததெல்லாம் பத்து, ஒன்றும் நுழையாது, "கோ" சொல்லியிருப்பார். உன் 8 சரியாக 31, நீ வென்றிருப்பாய். கையில் 7-உம் 8-உம் வேறு 15, எண்ணும் கட்டம் வந்திருந்தாலும் சீட்டுப் போடாத நீதான் முதலில் எண்ணுவாய், அப்பவும் வென்றிருப்பாய்.

மதுரைக்காரன்_ஹாலிஃபாக்ஸ்

அண்ணே, இதைத்தான் தாத்தாவும் சொன்னார். சீட்டையெல்லாம் மறுபடி அடுக்கி, நான் எதை இறக்கியிருக்க வேண்டும் என்று காட்டிவிட்டு, குச்சிப் பெட்டியைத் திறந்து தீக்குச்சிக்குப் பதிலாக ஒரு பித்தளைக் குச்சி கொடுத்தார். தொலைந்தது சோபா இடுக்கில் கிடைத்ததாம். சனிக்கிழமை நான்தான் முதலில் சீட்டுப் போடுகிறேன்.