கேமராவில் நாய்ஸ்: இரைச்சலா, அழுங்கலா, பிசிறா?

பாடநூல் எழுதும் ஆசிரியை, கோவை

அனைவருக்கும் வணக்கம்.

ஒளிப்படக்கலைச் சான்றிதழ் வகுப்புக்கான பாடநூல் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. நாலாம் பாடம் டிஜிட்டல் கேமரா உணரிகளை (சென்சார்களை) பற்றியது. அதில் படத்தில் பொடியாகத் தெரியும் ‘நாய்ஸ்’ வருகிற இடமெல்லாம் ‘இரைச்சல்’ என்றே எழுதியிருக்கிறேன். அகராதிகளில் இருப்பதும் அதுதான்.

சிக்கல் என்னவென்றால், போன பருவத் தேர்வில் ‘குறைந்த ஒளியில் படமெடுக்கும்போது இரைச்சலைக் குறைக்கும் வழிகள் யாவை?’ என்று கேட்டிருந்தேன். ஒரு பையன், ஷட்டர் சத்தம் கேட்காதபடி கேமராவை அமைதி முறைக்கு மாற்ற வேண்டும், கோயில் கருவறை முன்பும் கச்சேரி மேடை அருகிலும் இது மிக அவசியம் என்று ஒரு பக்கம் எழுதிவிட்டான். கையெழுத்தும் முத்து முத்தாக. கேள்வியை அப்படியே படித்தால் அவன் எழுதியதில் என்ன குறை?

படத்தின் இருட்டான பகுதிகளில் பொடிப்பொடியாக மிதக்கிறதே, அதற்கு ஒரு சொல் வேண்டும். ஷாட் நாய்ஸ் (ஒளித்துகளால் வருவது), ரீட் நாய்ஸ் (அளந்தெடுக்கும்போது சேர்வது), பேட்டர்ன் நாய்ஸ் (ஒரே இடத்தில் விழுவது) என்று பின்னால் வரும் கூட்டுச்சொற்களுக்கும் அது ஒத்துப்போக வேண்டும். ஞாயிறு இரவுக்குள் சொன்னால் பெரிய உதவி.

---

ஓய்வுபெற்ற மின்னணுப் பொறியாளர், சென்னை

அம்மா, வணக்கம். தீர்ந்துபோன வழக்கை மீண்டும் திறக்கிறீர்கள். இரைச்சல் என்பது நிலைபெற்ற கலைச்சொல். வானொலி, ஒலிபெருக்கி, தொலைபேசிக் கம்பி, கேமரா உணரி எல்லாவற்றிலும் ஒரே கருத்து, ஒரே கணக்கு. மின்தடையில் வெப்பத்தால் வரும் இரைச்சலை 1928-ல் ஜான்சன் அளந்து காட்டினார், நைக்விஸ்ட் அதற்குக் கணக்கு சொன்னார். அதே வெப்ப இரைச்சல்தான் இன்றைய கேமராக்களில் உள்ள சீமாஸ் வகை உணரியின் சுற்றுக்குள்ளும் இருக்கிறது.

ஒளி துகள் துகளாக வருவதால் எழும் இரைச்சலைத் தவிர்க்கவே முடியாது. ஒரு பிக்சலில் 10,000 ஒளித்துகள் விழுந்தால் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், சுமார் 100. அதாவது நூற்றில் ஒன்று, கண்ணுக்குத் தெரியாது. 100 துகள்தான் விழுந்தது என்றால் ஏற்ற இறக்கம் 10. அதாவது பத்தில் ஒன்று, பளிச்சென்று தெரியும். இருட்டில் பொடி மிதப்பதற்குக் காரணம் இந்த வர்க்கமூலம்தான். எவ்வளவு விலை கொடுத்துக் கேமரா வாங்கினாலும் இது போகாது.

மாணவனுக்குப் புரியவில்லை என்றால் புரியவைப்பதுதான் வாத்தியார் வேலை. ‘அலை’ என்றால் கடலலை மட்டும்தான் என்று எவனும் இயற்பியல் வகுப்பில் அடம்பிடிப்பதில்லையே!

---

தமிழ்ப் புலவர், தஞ்சாவூர்

பொறியாளர் ஐயா அகராதியோடு நின்றுவிட்டார். தொல்காப்பியம் உரியியலைப் புரட்டுங்கள்:

‘கம்பலை சும்மை கலியே அழுங்கல்
என்றிவை நான்கும் அரவப் பொருள.’

ஓசைக்கு நான்கு சொற்கள். இவற்றில் கம்பலையும் சும்மையும் மக்கள் கூட்டத்தின் ஆரவாரம், நமக்கு ஆகாது. அடுத்த நூற்பாவைக் கவனியுங்கள்: ‘அவற்றுள், அழுங்கல் இரக்கமும் கேடும் ஆகும்.’ ஓசை என்ற பொருளும் உண்டு, கேடு என்ற பொருளும் உண்டு! காதில் விழுந்தால் ஓசை, படத்தில் விழுந்தால் கேடு. பொறியாளர் கேட்கும் ஒரே சொல் ஒற்றுமையும் கிடைத்துவிட்டது. ‘அழுங்கல்’ என்றே எழுதலாம். ஒளியழுங்கல், வெப்ப அழுங்கல், கோல அழுங்கல்.

---

பாடநூல் ஆசிரியை

ஐயா, அருமையான எடுத்துக்காட்டு. ஆனால் என் மாணவர்கள் தேர்வில் ‘அழுகல்’ என்று எழுதுவார்கள். உணரி அழுகிப்போனால் மாற்ற வேண்டும் என்று காரணமும் எழுதுவார்கள்.

---

ஸ்டுடியோக்காரர், கும்பகோணம்

படித்தவர்கள் பேசும் இடம், இருந்தாலும் தொழிலில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன். நாங்கள் ‘நாய்ஸ்’ என்போம், பழைய ஆட்கள் ‘கிரெயின்’ என்பார்கள். பிலிமில் வந்த கிரெயின் வேறு சமாச்சாரம். அது வெள்ளி உப்பின் மணி, படத்துக்கு ஒரு அழகு உண்டு. இப்போது வருவது அசிங்கமாக இருக்கும். வரவேற்பில் மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டிலும் பெண்ணின் கூந்தலிலும் சிவப்பும் பச்சையுமாகப் பொடி மிதக்கும். அதே படத்தில் முகம் சுத்தமாக இருக்கும். கம்ப்யூட்டரில் இருட்டைத் தூக்கிவிட்டுப் பார்த்தால் சில கேமராவில் குறுக்கே கோடுகூட விழும்.

டீச்சர், பாடத்தில் இதையும் சேர்த்துவிடுங்கள். கடையில் ‘மெகாபிக்சல் கூடினால் நாய்ஸ் கூடும்’ என்று சொல்லியே விற்கிறார்கள். பாதிதான் உண்மை. ஒவ்வொரு பிக்சலாகப் பெரிதாக்கிப் பார்த்தால் கூடும்தான். ஆனால் ஆல்பத்தில் ஒரே அளவில் பிரிண்ட் போட்டால் முக்கியமானது உணரியின் மொத்தப் பரப்பு. 36க்கு 24 மில்லிமீட்டர் உணரியின் பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். ‘ஒரு அங்குலம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அது நிஜத்தில் 13.2க்கு 8.8, பரப்பு 116. பேருக்குத்தான் ஒரு அங்குலம், எந்தப் பக்கமும் ஒரு அங்குலம் இல்லை. ஏழு மடங்குக்கு மேல் வெளிச்சம் வித்தியாசம். 2007-ல் நிக்கான் டி3 கேமரா வந்து ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் எண்) 6400-ல் கல்யாணம் எடுக்கலாம் என்று ஆனபோது எங்களுக்கெல்லாம் வாய் பிளந்துவிட்டது. 2014-ல் சோனி ஏ7எஸ் 409600 வரைக்கும் போனது. அந்த எண்ணில் எடுத்த படத்தை வாடிக்கையாளரிடம் காட்ட முடியாது, அது வேறு.

ஐஎஸ்ஓவைக் கூட்டுவதால் நாய்ஸ் பிறக்கிறது என்றும் எழுதிவிடாதீர்கள். வெளிச்சம் குறைந்ததால் பிறக்கிறது. ஐஎஸ்ஓ அதைத் தூக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

---

சொல்லாராய்ச்சி அன்பர், மதுரை

எல்லாரும் வெளியே தேடுகிறீர்கள். சொல் சமையலறையில் இருக்கிறது: நொய். அரிசி உடைந்தால் நொய். நொய்ம்மை, நொய்தல் எல்லாம் ஒரே வேர். படத்தில் தெரிவதும் நொய்தான். ‘நொய்யரிசி கொதி தாங்காது’ என்பது பழமொழி. உணரியும் சூடேறினால் தாங்காது என்று கேள்விப்படுகிறேன். ஒலியும் பொருளும் இப்படி ஒத்துவருவது தற்செயலா? ஆங்கிலச் சொல்லே நம்முடைய ‘நொய்’யிலிருந்து போனது என்பது என் துணிபு.

---

பொறியாளர்

சூடு பற்றி அன்பர் சொன்னது சரி. ஒளியே படாவிட்டாலும் சூட்டினால் பிக்சலில் மின்துகள் சேரும். சுமார் 6 முதல் 8 டிகிரி ஏறினால் அது இரட்டிப்பாகும். வானியலார் உணரியைக் குளிர்விப்பது இதற்காகத்தான்.

மற்றபடி அந்த ஆங்கிலச் சொல் பிரெஞ்சு வழியாக லத்தீன் ‘நாஸியா’விலிருந்து வந்தது என்பதே பெரும்பாலோர் கருத்து. கப்பலில் போகும்போது வரும் குமட்டல். அதற்கு மூலம் கிரேக்கத்தில் கப்பலைக் குறிக்கும் ‘நாவுஸ்’. அரிசிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

---

சொல்லாராய்ச்சி அன்பர்

நாவுஸ்! பொறியாளர் ஐயா, தாங்களே வழிக்கு வந்துவிட்டீர்கள். நாவாய் எந்த மொழிச் சொல் என்று தாங்களே சொல்லுங்கள்.

---

குழு மட்டுறுத்துநர்

நாவாய் பற்றி நம் குழுவில் ஏற்கெனவே தனி இழை இருக்கிறது, இன்னும் முடியவில்லை. தயவுசெய்து அங்கே. ஆசிரியைக்கு நாளை இரவுதான் கெடு.

---

யாழ்ப்பாணத்துக்காரர், ஜெர்மனி

வணக்கம். கூட்டுச்சொற்களில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்லலாம் என்று நினைக்கிறன். ‘ஷாட்’ என்பதைச் சிலர் ‘சுடல்’ என்றும் ‘காட்சி’ என்றும் போட்டிருக்கினம். இரண்டும் பிழை. 1918-ல் ஷாட்கி என்ற ஜெர்மன் இயற்பியலாளர் இதை விவரித்தபோது வைத்த பெயரில் இருப்பது ‘ஷ்ரோட்’. இங்கே அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள்: வேட்டைத் துப்பாக்கியில் போடும் சின்னக் குண்டுமணி, மற்றது கொரகொரப்பாக அரைத்த தானியம். பேக்கரியில் ‘ஷ்ரோட்’ பாண் என்று தினமும் பார்க்கிறன்.

இப்ப எங்கட சொல்லைப் பாருங்கோ. ரவை. ஊரில் துப்பாக்கிக்குள் போவதும் ரவை, உப்புமாவுக்குள் போவதும் ரவை. இரண்டு பொருளும் அச்சொட்டாகப் பொருந்துது. ஆகவே பின்னால் எந்தச் சொல் வந்தாலும் முன்னால் ‘ரவை’ நிற்கட்டும்: ரவை இரைச்சல், இல்லாவிட்டால் ரவைப் பிழை.

---

சொல்லாராய்ச்சி அன்பர்

ரவை தமிழ்ச்சொல்லா? ரகரம் மொழிமுதலில் வராதே.

---

புலவர்

‘இரவை’ என்று எழுதினால் போகிறது. ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லாகும்மே’ என்று தொல்காப்பியர் கதவைத் திறந்தே வைத்திருக்கிறார். உப்புமா சாப்பிடும்போது யாரும் மொழிமுதல் இலக்கணம் பார்ப்பதில்லை.

---

மென்பொருள் தமிழாக்கம் செய்பவர், பெங்களூரு

எனக்கும் இதே தலைவலி. கட்டற்ற படத்திருத்த மென்பொருள் ஒன்றைத் தமிழாக்குகிறேன். ‘இரைச்சல் குறைப்பு’ என்று பொத்தானில் போட்டிருந்தேன். சோதித்துப் பார்த்த அக்கா ஒருவர், இது வீடியோவின் ஒலிக்கானது என்று நினைத்துத் தொடவே இல்லை. படம் அப்படியே பொடியோடு சேமிக்கப்பட்டது.

நான் முன்வைப்பது பிசிறு. துணி ஓரத்தில் நூல் நீட்டிக்கொண்டிருந்தால் பிசிறு. லேத்தில் கடைந்த இரும்பின் விளிம்பில் பிசிறு. பாட்டுக் கச்சேரியில் ‘குரலில் பிசிறு தட்டுகிறது’ என்கிறோம். காதுக்கும் கண்ணுக்கும் கைக்கும் ஒரே சொல், அதுவும் ஏற்கெனவே எல்லார் வாயிலும் இருப்பது. யாரும் விளக்கத் தேவையில்லை. ‘பிசிறு நீக்கி’ என்றால் பொத்தானிலும் அடங்கும்.

---

பொறியாளர்

> குரலில் பிசிறு தட்டுகிறது

தம்பி, குரலில் பிசிறு என்பது பாடகரின் குறை. ஒளித்துகள் இரைச்சலில் யாருடைய குறையும் இல்லை, இயற்கை அப்படி. பிசிறை வெட்டி எறியலாம். இதை எறிய முடியாது, சராசரி எடுத்து மழுப்பத்தான் முடியும், கூடவே நுணுக்கமும் போகும். பிசிறு என்று பெயர் வைத்தால் நல்ல கேமராவில் பிசிறே இருக்காது என்றுதான் மாணவன் நினைப்பான்.

---

மென்பொருள் தமிழாக்கம் செய்பவர்

அது நியாயமான கேள்வி ஐயா. ஆனால் வெட்டி எறியத்தக்க வகையும் இருக்கிறதே. நிலையான கோலமாக விழுவதை மூடி போட்டு எடுத்த கறுப்புப் படத்தைக் கழித்து நீக்குகிறோம். உணரியிலிருந்து மின்னூட்டத்தை அளந்து எடுக்கும்போது சேர்வது, இப்போதைய நல்ல கேமராக்களில் ஓரிரு எலக்ட்ரான் அளவுக்கு இறங்கிவிட்டது. 2009-ல் சோனி கம்பிகளைப் பின்னால் தள்ளி, ஒளி நேரே விழும்படி உணரியைத் திருப்பிப் போட்டுச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு பிடிபடும் ஒளியும் கூடியது. தரம் என்று நாம் பேசுவது இந்தப் பகுதியைத்தான். புதிது என்பதாலேயே எல்லாம் ஏறுமுகம் என்றும் இல்லை. 2023-ல் அறிவித்த சோனி ஏ9 மூன்றாம் பதிப்பில் எல்லா பிக்சலும் ஒரே கணத்தில் படம் பிடிக்கின்றன. அதன் அடிப்படை ஐஎஸ்ஓவே 250, வழக்கத்தைவிட அதிகம். வேகத்துக்குக் கொடுத்த விலை.

---

புலவர்

பிசிறு பற்றி ஒரு வார்த்தை. பழைய வடிவம் பிசிர். அலை உடையும்போது சிதறும் நீர்த்துளிக்குச் சங்கப் புலவர்கள் ஆண்ட சொல். துளித்துளியாகச் சிதறுவது என்ற பொருளில் பார்த்தால் ஒளித்துகளுக்கு இதைவிடப் பொருத்தம் வேறு இல்லை. அழுங்கலை விட மனமில்லை, ஆனாலும் இதற்கு இடம் கொடுக்கலாம். (பிசிராந்தையார் பெயரில் இருப்பது ஊர்ப்பெயர். புறநானூறு 67-ல் ‘இரும்பிசிர் ஆந்தை’ என்று அவரே சொல்கிறார். அந்த ஊர் கடலோரமா என்பது ஆராயத்தக்கது.)

---

மட்டுறுத்துநர்

ஐயா, அடுத்த வாரம் ஆராயலாம்.

---

பாடநூல் ஆசிரியை

எல்லாருக்கும் நன்றி. நொய் பிடித்திருந்தது, ஆனால் ‘நொய் குறைந்த கேமரா’ என்று எழுதிப் பார்த்தேன், மளிகைக்கடைச் சீட்டு மாதிரி இருந்தது. ரீட் நாய்ஸுக்கு ‘வாசிப்பு இரைச்சல்’ என்று யாரோ தனிமடலில் அனுப்பியதை நாதசுர வித்வான்கள் பார்த்தால் வழக்கு போடுவார்கள்.

படத்தில் தெரிவதற்குப் பிசிறு என்று போடுகிறேன். ஒளித்துகளால் வருவது ரவைப் பிசிறு, அளந்தெடுக்கும்போது சேர்வது அளவெடுப்புப் பிசிறு, ஒரே இடத்தில் விழுவது கோலப் பிசிறு. முதன்முறை வரும் இடத்தில் ‘மின்னணுவியலில் இரைச்சல் எனப்படும்’ என்று ஒரு வரி இருக்கும். நாவாய் பற்றிப் பேச்சு எழுந்ததால் குறளையே துணைக்கு அழைக்கிறேன்: ‘கடலோடா கால்வல் நெடுந்தேர் கடலோடும் நாவாயும் ஓடா நிலத்து.’ இரைச்சல் காதில் ஓடட்டும்.

---

ஸ்டுடியோக்காரர்

சரி டீச்சர். நாளைக்கு எங்கள் பசங்களிடம் ‘பிசிறு’ என்று சொல்லிப் பார்க்கிறேன். கட்டாயம் சிரிப்பார்கள்.

---

பொறியாளர்

பெரும்பான்மை எப்படியோ அப்படியே ஆகட்டும். என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். உங்கள் ஏழாம் பாடம் வீடியோ என்று உள்ளடக்கத்தில் பார்த்தேன். அங்கே ஒரே அட்டவணையில் மைக்கின் நாய்ஸும் உணரியின் நாய்ஸும் அடுத்தடுத்த வரிசையில் வரும், இரண்டுக்கும் அலகு டெசிபல்தான். ஒன்று இரைச்சல், மற்றது பிசிறு என்றால், அட்டவணைத் தலைப்பில் என்ன போடுவீர்கள்?

---

புலவர்

அழுங்கல்.