கேம்பிங் டிரெய்லர்: அச்சைச் சரி நடுவில் பற்றவைத்துவிட்டேன், எதைப் பிரிப்பது, எதை விடுவது?

எர்ணாவூர்க் கரை:

அனைவருக்கும் வணக்கம். பழவேற்காட்டுப் பக்கம் குடும்பத்துடன் ஓரிரவு தங்கி வருவதற்காக, பொலிரோவின் பின்னால் இழுத்துச் செல்லக்கூடிய சிறிய டிரெய்லர் ஒன்றை வீட்டை ஒட்டிய காலி மனையில் நானே கட்டி வருகிறேன். சட்டம் 50க்கு 50 மில்லிமீட்டர் ஸ்கொயர் பைப், 3 மில்லிமீட்டர் கனம். கூண்டு உட்காரும் பகுதி 240 சென்டிமீட்டர் நீளம், 150 சென்டிமீட்டர் அகலம். அதற்கு முன்னால் 120 சென்டிமீட்டர் இழுவைக் கம்பி, அதன் நுனியில் வண்டியில் மாட்டும் கொக்கி. பட்டை ஸ்பிரிங்குகளும் சக்கரங்களும் பழைய ஆம்னியிலிருந்து எடுத்தவை. சுவர் இன்னும் எழுப்பவில்லை. அதற்குள்ளாகவே மூன்று தவறுகள் செய்துவிட்டேன்.

முதலாவது, ஒரு பக்கத்தின் மூட்டுகள் அனைத்தையும் முழுமையாகப் பற்றவைத்து முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட்டேன். இப்போது இரண்டு மூலைவிட்டங்களுக்கும் 14 மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவது, அச்சைக் கூண்டின் சரி நடுவில், அதாவது கொக்கியிலிருந்து 240 சென்டிமீட்டரில் வைத்து, ஸ்பிரிங் தாங்கிகளைப் பற்றவைத்துவிட்டேன். மூன்றாவது, தளத்துக்குப் போட்ட 12 மில்லிமீட்டர் பிளைவுட் ஒரே மழையில் ஓரங்களில் ஊதி, நகத்தால் கீறினால் ஏடு ஏடாகப் பிரிகிறது.

வரப்போகும் சுவர், படுக்கை, பின்பக்கச் சமையல் பெட்டி, பாட்டரி ஆகியவற்றின் எடைக்கு ஈடாக மணல் மூட்டைகளை அந்தந்த இடத்தில் வைத்து எடை பார்த்தேன். மொத்தம் 420 கிலோ. கொக்கியில் இறங்கும் பாரத்தை மட்டும் தெருமுனைக் காயலான் கடைத் தராசில் பார்த்தபோது 18 கிலோதான் காட்டியது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எண்ணூர் விரைவுச் சாலையில் இழுத்துப் பார்த்தேன். 40 கிலோமீட்டர் வேகம் வரை ஒன்றும் தெரியவில்லை. 50ஐத் தொட்டதும் டிரெய்லர் இடமும் வலமுமாக நெளிய ஆரம்பித்து, பொலிரோவின் பின்பக்கத்தையே ஆட்டிவிட்டது. 40 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை முன்பக்கம் வைத்துச் சமாளிக்கலாமா, அல்லது அச்சையே பெயர்த்து நகர்த்தத்தான் வேண்டுமா?

பழைய லேத், தண்டையார்பேட்டை:

தம்பி, கொத்தவால் சாவடி 1996இல் கோயம்பேட்டுக்கு மாறுவதற்கு வெகுகாலம் முன்பே, அங்கே என் தகப்பனார் மாட்டு வண்டி ஓட்டியவர். மூட்டை ஏற்றி முடித்ததும் நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். பின்பாரமாக இருந்தால் நுகத்தடி தானாக மேலே எழும்பும்; முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்தில் இறங்கும். சற்றே முன்பாரம் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. டிரெய்லருக்கும் அதே கணக்குத்தான். என்ன, இங்கே மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும் என்று எண்ணாகச் சொல்கிறார்கள். உங்களுடையது 4 சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. நெளிந்ததில் வியப்பில்லை.

தண்ணீர்த் தொட்டியை முன்னால் வைக்கும் யோசனையைக் கைவிடுங்கள். போகும்போது நிறைந்திருக்கும் தொட்டி திரும்பி வரும்போது காலியாக இருக்கும்; வேகமாக வீடு திரும்பத் தோன்றும் அந்த நேரத்தில்தான் பழைய ஆட்டம் மறுபடியும் தொடங்கும். தொட்டி அச்சுக்கு நேர்மேலே இருந்தால், நிறைந்தாலும் குறைந்தாலும் கொக்கியின் பாரம் அவ்வளவாக மாறாது.

அச்சை எவ்வளவு நகர்த்துவது? இப்போது சக்கரத்தில் 402 கிலோ. அதைக் கொக்கியிலிருந்து அச்சுக்குள்ள தூரமான 240ஆல் பெருக்கினால் 96,480. கொக்கியில் 50 கிலோ வேண்டுமென்றால் சக்கரத்தில் 370 இருக்க வேண்டும். வகுத்தால் ஏறக்குறைய 261 வருகிறது. ஆகவே 21 சென்டிமீட்டர் பின்னே தள்ளுங்கள். சுவர் எழும்பிவிட்டால் சக்கரக் கூண்டையும் சேர்த்துப் பெயர்க்க வேண்டியிருக்கும். இப்போதென்றால் ஒரு நாள் வேலை.

தாங்கிகளைக் கேஸ் கட்டர் வைத்து அறுக்காதீர்கள், 3 மில்லிமீட்டர் பைப்பில் ஓட்டை விழுந்துவிடும். கிரைண்டரில் மெல்லிய தகடு மாட்டி, பைப்பைத் தொடாமல் பற்றவைப்பை மட்டும் சீவி எடுங்கள். புதிய தாங்கியை நேரடியாகப் பைப்பில் ஒட்டாமல், 6 மில்லிமீட்டர் தகடு ஒன்றைப் பைப்பின் நீளவாக்கில் பற்றவைத்து அதன்மேல் வையுங்கள். பைப்பின் அடிப்பக்கத்தில் குறுக்குவாட்டில் பற்றவைப்பு ஓடினால், பாரம் ஏறி இறங்கும்போது விரிசல் அங்கேதான் தொடங்கும். பிற்பாடும் நகர்த்த வசதி வேண்டுமானால் போல்ட் போடலாம். ஆனால் ஸ்கொயர் பைப்பில் வெறுமனே துளையிட்டு இறுக்கினால் பைப் நசுங்கும், உள்ளே புஷ் (போல்ட் நுழையும் சிறு உலோகக் குழாய்த் துண்டு) வைத்துத்தான் இறுக்க வேண்டும்.

கணக்கு வாத்தியார், பெரம்பூர்:

பெரியவரின் வழிமுறை சரி, ஒரு திருத்தம் மட்டும் சொல்ல அனுமதிக்க வேண்டும். அச்சை நகர்த்தும்போது அச்சு, சக்கரம், ஸ்பிரிங் ஆகியவற்றின் சொந்த எடையும் கூடவே பின்னால் போய்விடுகிறது; அந்த எடை எப்போதும் அச்சின் மேலேயே இருப்பதால் கொக்கிக்கு எதையும் தருவதில்லை. அவை எல்லாம் சேர்ந்து 70 கிலோ என்று கொண்டால், கணக்கில் சேர வேண்டியது மீதி 350 கிலோதான். அதில் 18 கொக்கியில், 332 அச்சில். 332ஐ 240ஆல் பெருக்க 79,680. கொக்கியில் 50 வேண்டுமானால் அச்சில் 300, வகுத்தால் 265.6. ஆக, நகர்த்த வேண்டியது 21 அன்று, 25 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். 21 மட்டும் நகர்த்தினால் கொக்கியில் சுமார் 45 கிலோ வரும்; அதுவும் 10 சதவீதத்தைத் தாண்டுவதால் ஆபத்தில்லை, ஆனால் சமையல் பெட்டியில் நாலு பாத்திரம் கூடினாலே கீழே இறங்கிவிடும். இந்த 70 என்பது என் ஊகம். கழற்றும்போது அவற்றைத் தனியே எடை போட்டுக் கணக்கை மறுபடி போடுங்கள்.

கொக்கியின் எடையைப் பார்க்கும்போது டிரெய்லர் மட்டமாக, வண்டியில் மாட்டியிருக்கும் அதே உயரத்தில் நிற்க வேண்டும். தராசைத் தரையில் வைத்து முனையைத் தாழ்த்தி எடுத்த எண்ணை நம்பாதீர்கள். மொத்த எடைக்கு லாரி எடை மேடை போதும். கொக்கிக்கு அது ஆகாது, ஏனெனில் பத்து, இருபது கிலோப் படிகளாகக் காட்டும் மேடையில் 18க்கும் 25க்கும் வேறுபாடே தெரியாது.

மூலைவிட்டத்தின் 14 மில்லிமீட்டரை நான் தொடமாட்டேன். சட்டம் சற்றுக் கோணலாக இருந்தால் பலகையை அதற்கேற்ப அறுத்துக்கொள்ளலாம். அச்சு கோணலாக இருந்தால்தான் டிரெய்லர் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகும், டயரும் ஒருசாய்வாகத் தேயும். எனவே அச்சைப் பொருத்தும்போது சட்டத்தின் பக்கவாட்டை அளவாகக் கொள்ளாமல், கொக்கிக் குமிழின் மையத்திலிருந்து அச்சின் இரண்டு முனைகளுக்கும் தனித்தனியே டேப் பிடித்து, இரண்டும் ஒன்றாக வரும் வரை நகர்த்துங்கள். சட்டம் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் டியூப் போதும், நான்கு மூலைகளும் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

காசிமேட்டு ஃபைபர்:

அண்ணன், நீங்கள் வாங்கியது ‘எம்.ஆர்.’ (ஈரத்தை ஓரளவு தாங்கும்) ரகமாகத்தான் இருக்க வேண்டும். அது ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தரத்தில் வரும் ரகம். வீட்டு அலமாரிக்குப் போதும், சாலைத் தண்ணீர் அடிக்கும் தளத்துக்குப் போதாது. ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் கேளுங்கள். அதன் ஒட்டுப் பசையை 72 மணி நேரம் கொதிநீரில் வைத்துச் சோதிப்பார்கள். முத்திரை பலகையிலேயே அச்சாகியிருக்கும், ரசீதிலும் எழுதி வாங்குங்கள். ஊதிப்போன பலகையைக் காயவைத்து மேலே பெயின்ட் அடித்து ஓட்டிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பிரிந்த ஏடு திரும்ப ஒட்டாது.

நல்ல பலகையும் ஓரத்தின் வழியாகத்தான் தண்ணீர் குடிக்கும். அறுத்து, திருகாணித் துளைகளும் போட்டு முடித்த பிறகு, சட்டத்தில் வைப்பதற்கு முன்பே ஆறு பக்கமும் ரெசின் (பூசியதும் இறுகிப்போகும் பிசின்) பூசுங்கள். விளிம்புகளில் இரண்டு, மூன்று கை அதிகமாகப் பூசுங்கள். அடிப்பக்கத்துக்கு, படகுக்குப் போடுவதுபோல் ஒரு அடுக்கு மேட் (கண்ணாடி இழை விரிப்பு) விரித்து ரெசினில் நனைத்தால் ஜல்லிக் கல் தெறித்தாலும் தாங்கும். ஒரு எச்சரிக்கை: ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட்டையும், அதை விரைவுபடுத்தும் கோபால்ட்டையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்காதீர்கள், தீப்பிடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கி, அதன் பிறகே கேட்டலிஸ்ட் ஊற்ற வேண்டும். நம் ஊர் வெயிலில் நூற்றுக்கு ஒரு பங்கு கேட்டலிஸ்ட்டே போதும். கூடுதலாக ஊற்றினால் பிரஷ் டப்பாவிலேயே இறுகிவிடும்.

கடல் காற்றில் நிற்கப்போகும் வண்டி என்பதால், சீவிய இடங்களை அன்றே ப்ரைமர் அடித்து மூடுங்கள். எர்ணாவூரில் ஒரே இரவில் செம்பழுப்பு ஏறிவிடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மணலி சாலை:

விடியற்காலையில் கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையில், பதிவெண் இல்லாத டிரெய்லரை மணல் மூட்டையோடு இழுத்துப் பார்த்ததை ஒருவரும் கண்டிக்கவில்லையே என்று வியக்கிறேன். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் ‘வாகனம்’ என்ற சொல்லுக்குள் டிரெய்லரையும் சேர்த்தே வரையறுக்கிறது. சுவர் எழுப்பிப் பணத்தைக் கொட்டுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு வரைபடத்துடன் ஒருமுறை போய், என்னென்ன சான்றுகள் தேவை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அடுத்த சோதனையைச் சொந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எர்ணாவூர்க் கரை:

மணலி சாலை நண்பரின் கண்டிப்பு நியாயமானது. அடுத்த ஓட்டத்தைத் தெரிந்தவர் ஒருவரின் சரக்குக் கிடங்கு வளாகத்துக்குள் வைத்துக்கொண்டேன். அலுவலகத்தில் வரைபடத்தைக் கொடுத்திருக்கிறேன்; பதில் வரும் வரை சுவருக்குப் பலகை வாங்குவதில்லை என்று வீட்டில் உத்தரவு.

அச்சு, சக்கரம், ஸ்பிரிங் எல்லாம் சேர்ந்து 66 கிலோ இருந்தன. வாத்தியார் ஐயாவின் ஊகம் கிட்டத்தட்டச் சரி. 25 சென்டிமீட்டர் நகர்த்தி, பெரியவர் சொன்னபடி 6 மில்லிமீட்டர் தகட்டின்மேல் தாங்கிகளை வைத்தேன். கொக்கிக் குமிழிலிருந்து அளந்தபோது இடப்பக்கம் 4 மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தது. முழுவதும் பற்றவைக்கும் முன் ஆங்காங்கே புள்ளியாக மட்டும் பற்றவைத்து நிறுத்தியிருந்ததால், ஒரு புள்ளியை உடைத்துத் தட்டிச் சரிசெய்ய முடிந்தது. முதல் தடவை இந்தப் பொறுமை இருந்திருந்தால் மூலைவிட்டமும் கோணலாகியிருக்காது. அதே மூட்டைகளை அதே இடங்களில் வைத்தபோது கொக்கியில் 49 கிலோ காட்டியது. வளாகத்துக்குள் 30க்கு மேல் போக இடமில்லை என்பதால் பழைய வேகத்தில் பார்க்கவில்லை. ஆனால் ஸ்டீயரிங்கை வேண்டுமென்றே சட்டென ஒடித்தபோது டிரெய்லர் ஒருமுறை அசைந்து உடனே அடங்கியது.

ஊதிய பலகையைக் கழற்றியபோது அடியில் சட்டம் முழுவதும் ஈரமாக, துருவின் மணத்தோடு இருந்தது. ஒரு மாதம் கழித்துக் கழற்றியிருந்தால் பைப்பும் போயிருக்கும். புதிய தளத்தின் பின்விளிம்பை 14 மில்லிமீட்டர் கோணலுக்கு ஏற்பச் சாய்வாக அறுத்துப் போட்டிருக்கிறேன். தெரிந்து பார்ப்பவருக்குத்தான் தெரியும். இனி காசிமேட்டுத் தம்பியிடம் ஒரு கேள்வி: அடியில் மேட் விரித்த பலகையில், திருகாணித் தலைகளின் மேலும் ரெசின் பூசி மூடிவிடலாமா, அல்லது பிற்பாடு கழற்ற வேண்டும் என்று விட்டுவைக்க வேண்டுமா?

காசிமேட்டு ஃபைபர்:

மூடாதீர்கள் அண்ணன். துளையில் சீலன்ட் வைத்து, துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியைப் போட்டு, தலையைத் திறந்தே விடுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு இரண்டைக் கழற்றி, துளைக்குள் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமல்லவா?