ஆபீஸ்ல நம்ம பிறந்தநாளை நாமே சொல்லலாமா?

கேள்வி: புதுவரவு
வர்ற வியாழன் பிறந்தநாள். டீம்ல 14 பேர். சர்டிபிகேட்ல ஜூன் 1, அதனால ஆபீஸ் லிஸ்ட்லயும் அதுதான். சொல்லலன்னா பின்னாடி "மறைச்சுட்டியே"ம்பாங்க. சொன்னா கேக்குக்கு அடிபோடற மாதிரி ஆயிடுமோ? எப்போ, எப்படிச் சொல்றது?

கடலைமிட்டாய்:
நம்ம ஊர்ல இது சுலபம். பிறந்தநாள்காரர்தானே ஸ்வீட் கொடுப்பார்! ஸ்கூல்ல கலர் டிரஸ் போட்டு சாக்லேட் நீட்டின அதே முறைதான். டப்பாவைத் திறங்க, "என்ன விசேஷம்?"னு அவங்களே கேப்பாங்க. "இன்னைக்குப் பொறந்தநாள்", அவ்ளோதான். ஒரு வாரம் முன்னாடியே சொன்னா யாராவது வசூலுக்குக் கிளம்பிடுவாங்க. அதுதான் அடிபோடறது.

14 பேருக்கு காஜு கட்லி அரை கிலோ தாராளம், துண்டு சின்னது, ஆளுக்கு ரெண்டு வரும். லட்டுன்னா ஒரு கிலோவுக்கு 20, 25தான் நிக்கும். நெய் வடியற மைசூர்பாகு வேண்டாம், அடுத்து கை போறது கீபோர்டுக்கு. சுகர் இருக்கறவங்களுக்கு அரை கிலோ மிக்சர் தனியா. செக்யூரிட்டி அண்ணனையும் கூட்டிப் பெருக்கற அக்காவையும் கணக்குல சேருங்க. விட்டுட்டா அதைத்தான் பேசுவாங்க. 11 மணி டீக்கு முன்னாடி முடிச்சுடுங்க, மதியத்துக்கு மேல பாதி சீட் காலியா இருக்கும்.

நாள்காட்டி:
ஜூன் 1 அன்னைக்கு குரூப்ல வாழ்த்து கொட்டும். "நன்றி" மட்டும் போடுங்க. அங்க போய்த் திருத்தினா வாழ்த்தினவங்களுக்குத்தான் சங்கடம். வியாழன் யாராவது கேட்டா, "சர்டிபிகேட்ல வேற, ஸ்கூல்ல சேர்க்கறப்போ வாத்தியார் போட்டது"னு சொன்னாப் போதும். அதே கதை அங்க இன்னும் ரெண்டு பேருக்காவது இருக்கும்.

நட்சத்திரப் பிறந்தநாளை வீட்டோட வெச்சுக்கோங்க. நிலா ஒரு சுத்து வர 27 நாள் சொச்சம் ஆகறதால இங்கிலீஷ் தேதி வருஷா வருஷம் மாறும். ஆபீஸ்ல அதையும் சொன்னா ஒரே ஆளுக்கு மூணு பிறந்தநாள்.

பூட்டுச்சாவி:
ஸ்டேட்டஸ் போடறதுன்னா பிறந்த வருஷம் வேண்டாம், வயசும் வேண்டாம். இ-ஆதார் பிடிஎஃப் பாஸ்வேர்டே பேரோட முதல் நாலு எழுத்தும் பிறந்த வருஷமும்தான். இ-பான் திறக்க முழுத் தேதி. ஃபேஸ்புக்ல நாள்-மாசம் தனியா, வருஷம் தனியா மறைக்கலாம்.

நாள்காட்டி:
அவங்களே கேக் வாங்கிட்டா மறுக்காதீங்க. முட்டை இல்லாததான்னு மட்டும் கேட்டுக்கோங்க. மெழுகுவர்த்தி எரியறப்போ அந்த நுரை ஸ்ப்ரேயைக் கிட்டவே விடாதீங்க. உள்ள இருக்கறது எரியற வாயு, முகத்துல பத்திக்கும்.

கடலைமிட்டாய்:
"ட்ரீட் எப்போ?"ன்னு ஒருத்தர் கட்டாயம் ஆரம்பிப்பார். "இதுதான் ட்ரீட்"னு இன்னொரு துண்டை அவர் கையில வெச்சுடுங்க. யோசிச்சு நின்னீங்க, 14 பிரியாணி.

புதுவரவு:
நன்றி. காஜு கட்லியே வாங்கிடறேன். வியாழன் ஒருத்தர் விரதம், அவரை என்ன செய்ய?

கடலைமிட்டாய்:
அவரையும் தாண்டிப் போகாதீங்க. நாலு துண்டு பேப்பர்ல மடிச்சுக் கொடுங்க, வீட்டுக்கு எடுத்துட்டுப் போவார்.