கண்புரை ஆபரேஷனுக்கு முன் எச்ஐவி டெஸ்ட்: அம்மா மறுக்கிறார்

வானம்பாடி:
அம்மாவுக்கு 68 வயது. அடுத்த வாரம் வலது கண்ணில் புரை ஆபரேஷன். சர்க்கரை, பிரஷர் பார்த்தார்கள், சரி. அப்புறம் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்றுகள்) என்று எழுதிய டெஸ்ட் சீட்டை நீட்டினார்கள். எதற்கென்று யாரும் சொல்லவில்லை. "என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது?" என்று அம்மா அழுதுவிட்டார். ஆபரேஷனே வேண்டாம் என்கிறார். இது கட்டாயமா? பாசிட்டிவ் என்று வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களா?

நிழல்மரம்:
என் மாமனாருக்கும் எடுத்தார்கள். வரும் எல்லாருக்கும் எடுப்பதுதான். பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தியேட்டர்சிஸ்டர்:
கண் தியேட்டரில் நர்ஸாக இருக்கிறேன். அம்மா அழுததில் தவறே இல்லை. எதற்கு எடுக்கிறோம் என்று சொல்லி, சம்மதம் கேட்ட பிறகுதான் ஊசியைக் கையில் எடுக்க வேண்டும். நாளை போய், விளக்கம் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இந்த டெஸ்ட்தான் எங்களைக் காப்பாற்றுகிறது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தொற்று ஏற்பட்ட புதிதில் சில வாரங்கள் ரிசல்ட் நெகட்டிவ் என்றே வரலாம். அந்தத் தாளை நம்பி யாரும் கையுறையைக் கழற்ற முடியாது. அதனால்தான் எல்லா நோயாளியின் ரத்தத்தையும் தொற்று உள்ளதாகவே நினைத்து வேலை செய்கிறோம். கருவிகளை ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் இயந்திரம்) வைப்பதும் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான். எங்களுக்கு உண்மையான பாதுகாப்பு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. எச்ஐவி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால்கூடத் தொற்றும் வாய்ப்பு 1000-க்கு சுமார் 3தான். 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கி 28 நாள் சாப்பிட்டால் அதுவும் வெகுவாகக் குறையும்.

பாசிட்டிவ் என்பதற்காக ஆபரேஷனை மறுப்பதும், கடைசி கேஸாகத் தள்ளி வைப்பதும் அநியாயம். அந்த நோயாளிக்கும் புரை புரைதானே! டெஸ்டால் ஒரு நன்மை உண்டு: ஹெபடைடிஸ் சி தெரிந்தால் சில மாத மாத்திரையிலேயே பெரும்பாலும் குணமாகிவிடும்.

நான் கேட்க விரும்புவது வேறு. அம்மாவுக்குக் கண்ணில் நீர் வடிகிறதா? ஓரத்தில் பீளை சேர்கிறதா?

வானம்பாடி:
ரொம்ப நன்றி அக்கா. வலது கண்ணில் எப்போதும் நீர் வடியும். மூக்கோரம் அழுத்தினால் கொழகொழவென்று வருகிறது என்பார். வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம். முதல் டெஸ்டில் பாசிட்டிவ் வந்தால் அதுவே முடிவா?

லேப்நண்பர்:
இல்லை. முதல் டெஸ்ட், தொற்று இருக்கலாம் என்பவர்களைப் பிரித்தெடுக்கத்தான். உறுதிசெய்ய வேறு டெஸ்ட் உண்டு, அதுவரை யாரும் முத்திரை குத்தக் கூடாது. ரிசல்ட்டை அம்மாவிடம் தனியாகச் சொல்லச் சொல்லுங்கள். ஃபைல் அட்டையில் சிவப்பு மையில் எழுதினால் அங்கேயே ஆட்சேபியுங்கள்.

தியேட்டர்சிஸ்டர்:
நீர் வடிவதை நாளை டாக்டரிடம் முதல் வேலையாகச் சொல்லுங்கள். அது கண்ணீர்ப் பையில் சீழாக இருக்கலாம். அந்தக் கிருமி ஆபரேஷனின்போது கண்ணுக்குள் போனால் பார்வையே போகும் ஆபத்து உண்டு. கண்ணீர்க் குழாயில் தண்ணீர் செலுத்தி அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள், சில நிமிட வேலை. சீழ் இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம், புரை அப்புறம்தான். தேதி தள்ளிப்போனால் போகட்டும், அவசரப்படாதீர்கள்.